நின்ற முள்ளும் ஓடும் காற்றும்

மருதனார்மடத்தில் காற்று இரண்டு விதமாக வேலை செய்கிறது. காங்கேசன்துறை வீதியோரத்துக் கராஜ்களிலும் ரயர் ஒட்டும் கடைகளிலும் அது இரும்புத் தாங்கிக்குள், சதுர அங்குலத்துக்கு 120 இறாத்தல் அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. அதே ஊரில், இராமநாதன் நுண்கலைக்கழகம் என்று நெடுங்காலம் அறியப்பட்ட நிறுவனம் இருக்கிறது. 1970களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைக்கப்பட்டு, இன்றுவரை தலைமுறை தலைமுறையாகப் பாடகர்களையும் வாத்தியக்காரரையும் உருவாக்கிவரும் இடம். அங்கே இசை கற்கிறவர்களுக்குப் பழக்கமான துருத்திச் சுருதிப்பெட்டிக்குள் காற்று சில அங்குல நீர் உயரத்துக்கு ஈடான அழுத்தத்தில்தான் இருக்கும். ஒரு இறாத்தல் அழுத்தம் என்பது ஏறத்தாழ 28 அங்குல உயர நீர். அப்படிப் பார்த்தால் கராஜுக்கும் பாட்டு வகுப்புக்கும் இடையில் ஆயிரம் மடங்குக்குக் கிட்டிய வித்தியாசம். ஆனால் இரண்டு இடத்திலும் காற்றை ஒழுங்குக்குக் கொண்டுவருகிற உபாயம் ஒன்றேதான்.

சுருதிப்பெட்டியின் வெளித்துருத்தியைக் கை விட்டுவிட்டுத்தான் அழுத்துகிறது. நாதமோ விட்டுவிட்டு வருவதில்லை. உள்ளே இன்னொரு துருத்தி இருக்கிறது. அதை ஒரு ஸ்பிரிங் ஓயாமல் அழுத்திக்கொண்டிருக்கிறது. கை தருகிற ஏற்ற இறக்கமெல்லாம் அந்த உள்துருத்தியில் அடங்கி, நாக்குகளுக்குப் போகும் காற்று ஸ்பிரிங்கின் விசைக்கு ஏற்ற அழுத்தத்தில் சீராகப் போகிறது. கராஜில் காற்றை நெருக்கும் கொம்பிறசரின் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புக் குமிழோடும் வட்ட முகத்தோடும் பொருத்தப்பட்டிருக்கும் றெகுலேற்றருக்குள்ளும் இருப்பது இந்தக் கூட்டுத்தான்: ஒரு ஸ்பிரிங், வளைந்து கொடுக்கும் ஒரு சவ்வு, இரண்டுக்கும் எதிரே காற்று.

கொம்பிறசர் வாங்கப் போகிறவர் மோட்டர் எத்தனை குதிரைவலு, தாங்கி எத்தனை லீற்றர் என்று கேட்பார். விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பார். றெகுலேற்றரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அது கூடவே வருவது. பழுதானால் கடையில் தொங்குவதில் ஒன்றை, நூல் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குவது. ஆனால் காரின் பெயின்ற் பளபளப்பு, சைக்கிள் ரியூபின் ஆயுள், மாதமுடிவில் வருகிற மின்கட்டணம் எல்லாம் அந்தச் சின்னப் பொருளைத் தாண்டித்தான் போகின்றன. அதைத் தெரிவு செய்வதற்கு முதலில் அது என்ன செய்கிறது என்று தெரியவேண்டும்.

தாங்கியில் அழுத்தம் ஒருபோதும் நிலையாக இருப்பதில்லை. சாதாரணக் கராஜ் கொம்பிறசர் ஒன்றில் பிரஷர் சுவிச் 90 இறாத்தலுக்கு இறங்கியதும் மோட்டரை ஓடவிடும், 120 வந்ததும் நிறுத்தும். இடையில் உள்ள 30 இறாத்தல் தூரத்துக்குள் அழுத்தம் நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். வேலைக்கு வேண்டியதோ வேறு அளவு. வாடிக்கையாளர் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு, “தம்பி, முன்னுக்கு இருபத்தெட்டு, பின்னுக்கு முப்பத்திரண்டு விடும்” என்கிறார். ஸ்பிறே கன் பிடிக்கிறவருக்கு 40 போதும். லொறிச் சில்லின் நட்டைக் கழற்றும் எயார் கன்னுக்கு 90 வேண்டும். லொறி ரயருக்கு 100ஐத் தாண்டியும் போகும். ஒரே தாங்கி, ஏறி இறங்கும் ஒரே அழுத்தம். அதிலிருந்து ஒவ்வொரு வேலைக்கும் அதற்குரிய அளவை எடுத்துக் கொடுப்பதுதான் றெகுலேற்றரின் தொழில்.

குமிழை வலப்பக்கம் திருகினால் மேலே உள்ள பெரிய ஸ்பிரிங் அமுங்கும். அது இறப்பர் சவ்வைக் கீழே தள்ளும். சவ்வின் நடுவிலிருந்து இறங்கும் ஒரு ஊசித்தண்டு சின்ன வால்வைத் திறக்கும். தாங்கிக் காற்று உள்ளே பாயும். பாய்ந்த காற்று வெளிவழியில் சேரச்சேர சவ்வைக் கீழிருந்து மேலே தள்ளும். அந்தத் தள்ளு ஸ்பிரிங்கின் தள்ளுக்குச் சமமானதும் வால்வு மூடிக்கொள்ளும். வெளியே யாராவது காற்றை எடுத்தால் கீழிருந்து வரும் தள்ளு குறையும், ஸ்பிரிங் வெல்லும், வால்வு மறுபடி திறக்கும். மின்சாரம் இல்லை, கணக்குப் பார்க்கும் சில்லு இல்லை. இரண்டு விசைகளின் இழுபறிதான் முழுப் பொறியும்.

இந்த இழுபறியின் இரு பக்கத்து விதிகளையும் கண்டுபிடித்த இருவர் ஒரே அறையில் வேலை செய்தவர்கள். ஒக்ஸ்ஃபோர்டில் ரொபர்ட் பொயிலுக்கு 1659 அளவில் காற்றுப் பம்பு செய்து கொடுத்த உதவியாளர் ரொபர்ட் ஹூக். காற்றை நெருக்க நெருக்க அது எப்படி எதிர்க்கிறது என்பதைப் பொயில் 1662இல் எழுதினார். ஸ்பிரிங்கை அமுக்க அமுக்க அது எப்படி எதிர்க்கிறது என்பதை ஹூக் 1678இல் வெளியிட்டார். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வார்ப்புலோகத் துண்டுக்குள் அந்த இரண்டு விதிகளும் எதிரும் புதிருமாக நிற்கின்றன. றெகுலேற்றரின் பலமும் பலவீனமும் இரண்டும் இதிலிருந்தே வருகின்றன.

பலவீனம் இது. ஸ்பிரிங் அமுங்கியிருக்கும்போது கூடுதலாகத் தள்ளும், நீளும்போது குறைவாகத் தள்ளும். காற்று ஓடாதபோது வால்வு மூடியிருக்கும், ஸ்பிரிங் நன்றாக அமுங்கியிருக்கும், முள் 40இல் நிற்கும். ஸ்பிறே கன்னின் விசையை இழுத்ததும் காற்று ஓட வேண்டும். ஓட வால்வு திறக்க வேண்டும். வால்வு திறக்கச் சவ்வு கீழே இறங்க வேண்டும். சவ்வு இறங்க ஸ்பிரிங் நீள வேண்டும். நீண்ட ஸ்பிரிங் 40க்கு உரிய விசையைத் தராது. முள் 35க்கோ 30க்கோ சரியும். கூடுதல் காற்று கேட்கக் கேட்க இன்னும் சரியும். இது பழுது அல்ல. சவ்வும் ஸ்பிரிங்கும் வைத்துச் செய்த எந்த றெகுலேற்றரும் கொஞ்சமாவது இப்படிச் சரியும். நல்லதற்கும் மோசமானதற்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு சரிகிறது என்பதில்தான் இருக்கிறது.

ஆகவே காற்று ஓடாதபோது முள் காட்டுகிற இலக்கத்துக்குப் பெரிய பெறுமதி இல்லை. அனுபவமுள்ள பெயின்ற்காரர் ஒரு கையால் விசையை முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் குமிழைத் திருகுவதைக் காணலாம். காற்று ‘ஸ்ஸ்’ என்று போய்க்கொண்டிருக்கும்போதே முள்ளை வேண்டிய இடத்துக்குக் கொண்டுவருவார். இன்னொரு பழக்கமும் அவரிடம் இருக்கும்: அழுத்தத்தைக் குறைக்க வேண்டுமானால் 50இலிருந்து நேரே 40க்கு இறக்கமாட்டார், 35க்குக் கீழே விட்டு, அங்கிருந்து மேலே ஏற்றி 40க்கு வருவார். சவ்வும் வால்வும் திருகின் நூலும் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும் சுபாவம் உள்ளவை. கீழிருந்து மேலே வந்தால்தான் வைத்த இடத்தில் நிற்கும். இது கையேடுகளில் ஒரு வரியாக இருக்கிறது. கராஜில் அது கையோடு கையாகப் பழகிய அறிவு.

றெகுலேற்றரைத் தெரிவு செய்வது பற்றிய பேச்செல்லாம் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். கால் அங்குல நூலா, அரை அங்குல நூலா என்பது அடுத்த கேள்வி. முதல் கேள்வி, தன் வேலைக்கு நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வேண்டும், அந்தளவு ஓடும்போது இந்த றெகுலேற்றர் எத்தனை இறாத்தல் சரியும் என்பது. நல்ல தயாரிப்பாளர் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு வரைபடம் தருவார். கிடையச்சில் காற்றின் ஓட்டம், நிலையச்சில் அழுத்தம். கோடு நெடுந்தூரம் தட்டையாகப் போனால் நல்லது; தொடக்கத்திலேயே கீழே விழுந்தால் அது சின்ன வேலைக்கு மட்டும். அந்த வரைபடம் இல்லாமல் “ஆகக்கூடியது 150” என்று மட்டும் எழுதியிருக்கும் பெட்டியில் உருப்படியான தகவல் இல்லை.

சைக்கிள் ரியூபுக்குக் காற்றடிக்க எந்த றெகுலேற்றரும் போதும், அதற்குக் காற்றின் கனஅளவு மிகச் சொற்பம். அங்கே ஆபத்து வேறு பக்கம்: 120 இறாத்தல் நேரே போனால் 50 இறாத்தலில் இருக்கவேண்டிய ரியூப் சில விநாடிகளில் வெடிக்கும். ஸ்பிறே கன் கதை அப்படியல்ல. அது விசை இழுபட்டிருக்கும் நேரமெல்லாம் காற்றைக் குடிக்கும். அழுத்தம் குறைவாக, காற்று கூடுதலாக வேலை செய்யும் எச்.வி.எல்.பி. வகைக் கன்னின் முகப்பில் 10 இறாத்தலுக்கு மேல் போகக்கூடாது. ஆனால் அது நிமிடத்துக்கு 8 முதல் 14 கன அடிவரை கேட்கும். குறைந்த அழுத்தம் என்பதால் சின்ன றெகுலேற்றர் போதும் என்று நினைப்பவர் இங்கேதான் ஏமாறுகிறார். ஒரு குதிரைவலுவுக்கு 3 முதல் 4 கன அடி என்று கணக்கு வைத்தால் 2 குதிரைவலுக் கொம்பிறசரே இந்தக் கன்னுக்குப் போதாது. அதற்கு மேல் குறுகலான றெகுலேற்றரும் சேர்ந்தால் பெயின்ற் துகளாக உடையாமல் துளித்துளியாக விழும். காய்ந்த பிறகு பார்த்தால் தோடம்பழத் தோல் மாதிரி இருக்கும். குறை பெயின்றில் என்று தின்னரைக் கூட்டுவார்கள், பிறகு அது வழியும்.

இன்னொரு பிழையான தெரிவு, இலக்கம் பெரிதென்றால் நல்லது என்று நினைப்பது. 0 முதல் 250 இறாத்தல்வரை போகும் றெகுலேற்றரின் ஸ்பிரிங் மிக விறைப்பானது. அதில் 30ஐ வைக்க முயன்றால் குமிழ் மயிரிழை அசையவே முள் துள்ளும். 0 முதல் 60 வரையான மென்மையான ஸ்பிரிங் உள்ளதில் அதே 30 நடுவில் வந்து நிற்கும், நுணுக்கமாகத் திருகலாம். வேலை செய்யும் அழுத்தம் அளவுமானியின் நடுப்பாதியில் விழுகிற மாதிரிப் பார்த்து வாங்குவது நல்ல விதி. சவ்வுக்குப் பதில் பிஸ்ரன் வைத்த வகையும் உண்டு. அது முரட்டு வேலைக்கும் உயர்ந்த அழுத்தத்துக்கும் தாங்கும். ஆனால் பிஸ்ரனைச் சுற்றியுள்ள இறப்பர் வளையத்தின் உராய்வால் சின்ன மாற்றங்களை அது உடனே உணராது. பெயின்றுக்குச் சவ்வு வகையே மேல்.

ஸ்பிறே கன்னின் அடியில் திருகிப் பூட்டுகிற, மானியோடு கூடிய சின்னத் திருகு ஒன்றைப் பலர் றெகுலேற்றர் என்று வாங்குகிறார்கள். பெரும்பாலும் அது வெறும் ஊசி வால்வு. வழியை ஒடுக்கும், அவ்வளவுதான். தாங்கியில் அழுத்தம் 120இலிருந்து 90க்கு இறங்கும்போது அதன் பின்னால் உள்ள அழுத்தமும் கூடவே இறங்கும். அதைப் பூட்டவேண்டாம் என்றில்லை. சுவரில் ஒரு உண்மையான றெகுலேற்றர் இருந்து, அதற்குப் பிறகு இது நுணுக்கத்துக்கு இருந்தால் பயன்படும். நீண்ட, ஒல்லியான ஹோஸ் பைப்பும் இதே துரோகத்தைச் செய்யும். வெங்காயத் தோட்டத்தில் வாய்க்கால் நீளநீளக் கடைசிப் பாத்திக்கு வரும் தண்ணீர் மெலிவதைப் போல, றெகுலேற்றரில் காட்டிய 40 ஐம்பது அடி தள்ளிக் கன்னுக்கு வரும்போது 40 ஆக இருக்காது. றெகுலேற்றர் வேலை செய்கிறவரின் கைக்கிட்ட இருக்கட்டும், ஹோஸ் அகலமாக இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்துக் காற்றுக்கு இன்னொரு குணம் உண்டு, ஈரம். 30 பாகை வெப்பத்தில், ஈரப்பதன் 80 சதவீதமாக இருக்கும் ஒரு கன மீற்றர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீர் ஆவியாக இருக்கிறது. அந்தக் காற்றை எட்டிலொரு பங்காக நெருக்கி ஆறவிட்டால் அதில் 4 கிராமுக்கும் குறைவாகவே ஆவியாக நிற்க இடமுண்டு. மீதி 20 கிராமும் தண்ணீராகும். நிமிடத்துக்கு 10 கன அடி காற்றை இழுக்கும் கொம்பிறசர் ஒரு மணி நேரம் ஓயாமல் ஓடினால் மூன்றிலொரு லீற்றர் தண்ணீர் சேரும். மாலையில் தாங்கியின் அடித்திருகைத் திறக்கும்போது துருநிறத்தில் பீறிடுவது அதுதான். அதை நாளாந்தம் திறந்துவிடாத தாங்கி உள்ளிருந்து அரிபடும். அரிபட்ட தாங்கி ஒருநாள் வெடிக்கவும் கூடும்.

தண்ணீரைப் பிடிக்கும் வடி றெகுலேற்றருக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் அல்ல. அதையும் தாங்கியின் வாயிலேயே பூட்டினால் பயன் குறைவு, ஏனென்றால் அங்கே காற்று இன்னும் சூடாக இருக்கும், நீர் ஆவியாகவே தாண்டிப் போய்விடும். சில மீற்றர் இரும்புக் குழாயில் ஓடி ஆறிய பிறகு வடியில் விழுந்தால் தண்ணீர் பிடிபடும். எண்ணெய் கலக்கும் கிண்ணம் எயார் கன்னுக்குத் தேவை, பெயின்ற் வழியில் அது இருக்கவே கூடாது. ஒரு துளி எண்ணெய் போதும், பெயின்ற் மீன்கண் மாதிரி வட்டவட்டமாக விலகிக்கொள்ள. வடியின் கிண்ணம் ஒளிபுகும் பிளாஸ்ரிக்கில் இருந்தால் தின்னர் ஆவி அதை வெடிப்பு விழச் செய்யும். பெயின்ற் வேலை நடக்கும் இடத்தில் உலோகக் கிண்ணம் வைத்ததை வாங்குவதே உத்தமம். இந்தப் பகுதியின் செம்மண் புழுதி வேறு இருக்கிறது. தோட்டங்களுக்கு நடுவே போகும் வீதியோரக் கராஜில் கொம்பிறசரின் மூச்சுவடியைக் கழற்றித் தட்டினால் செந்தூள் உதிரும். அதைத் தாண்டி ஒரு மணல்துகள் உள்ளே போய் றெகுலேற்றரின் வால்வு இருக்கையில் உட்கார்ந்தால், வால்வு முழுக்க மூடாது. காற்று எடுக்காத நேரத்தில் முள் மெல்ல மெல்ல மேலே ஊர்ந்தால் காரணம் பெரும்பாலும் அந்தத் துகள்தான்.

இந்த ஊர் காற்றுப்பொறிகள் இல்லாமலும் வாழ்ந்திருக்கிறது. 1990 நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டதோடு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, ஆண்டுக்கணக்கில் வரவில்லை. எரிபொருளுக்கும் மின்கலத்துக்கும் இன்னும் எத்தனையோ பொருள்களுக்கும் தடை. கொம்பிறசர்கள் ஊமையாகின, ரியூபுகளுக்குக் கைப்பம்புதான் காற்றடித்தது. ஒஸ்ரின், மொரிஸ் மைனர் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்த்து, மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிளைக் கவிழ்த்துச் சில்லைக் கையால் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது மூட்டைகளையும் முதியவர்களையும் சுமந்தவை சைக்கிள்கள்தான். அவற்றின் ரயர்களில் இருந்தது கைப்பம்பால் அடித்த காற்று. அந்த ஆண்டுகளின் கராஜ்காரர்களைப் பற்றி யாராவது விரிவாக எழுதவேண்டும். காபரேற்றரின் துளையை எவ்வளவு மாற்றினால் மண்ணெண்ணெய் புகையாமல் எரியும் என்று கண்டுபிடித்த கைகள் எந்த ஏட்டிலும் பதிவாகாமல் மறைந்துகொண்டிருக்கின்றன.

அப்படிப் பதிவான ஒரு கதை பிரான்சில் இருக்கிறது. 1942இல் ஜேர்மன் படைகளின் பிடியில் இருந்த பிரான்சில் பெற்றோல் இல்லை. கார்களை எரிவாயுவில் ஓட்டினார்கள். எயார் லிக்கித் நிறுவனத்தின் பொறியியலாளர் எமில் கன்யான், எஞ்சின் கேட்கும்போது கேட்ட அளவுக்கு மட்டும் வாயுவை விடுகிற ஒரு சின்ன றெகுலேற்றரைச் செய்தார். அந்தக் குளிர்காலத்தில் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோ அவரிடம் வந்து, நீருக்கடியில் மூச்செடுக்க ஒரு வழி கேட்டார். கார் எஞ்சினுக்குச் செய்த பொருள் மனித நுரையீரலுக்கும் பொருந்தியது. சுரங்கத் தொழிலாளருக்காக பெனுவா ருக்கேரோல் 1860இலேயே இதே கருத்தில் ஒன்றைச் செய்திருந்தார். தட்டுப்பாடு அதை மறுபடி பிறக்க வைத்தது.

1943 தொடக்கத்தில் மார்ன் ஆற்றில் நடந்த முதற் பரிசோதனை சரிவரவில்லை. கூஸ்தோ கிடையாக நீந்தியபோது கருவி நன்றாக வேலை செய்தது. நிமிர்ந்தபோது காற்று வீணாகப் பீறிட்டது, தலைகீழானபோது இழுக்கக் கடினமாக இருந்தது. மூச்சுக்காற்று வெளியேறும் துளையும் சவ்வும் சில அங்குலம் விலகியிருந்ததே காரணம். அந்தச் சில அங்குல நீரின் எடை, சுருதிப்பெட்டியில் நாதத்தை எழுப்பப் போதுமான அதே அளவு எடை, றெகுலேற்றரைக் குழப்பப் போதுமானதாக இருந்தது. அந்தத் துளையைச் சவ்வுக்குப் பக்கத்தில் கொண்டுவந்ததும் பிரச்சினை தீர்ந்தது. வடக்குக் கடலில் சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டரோடு இறங்குகிறவர்களின் வாயில் இருப்பது அந்தக் கருவியின் பேரப்பிள்ளை. சிலிண்டரில் 200 பார். முதற்கட்டத்தில் அது சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் கூடுதலான அளவுக்கு இறங்குகிறது. வாயருகே உள்ள இரண்டாங்கட்டத்தில் நீரழுத்தத்துக்கே இறங்குகிறது. பெருவித்தியாசத்தை ஒரே பாய்ச்சலில் இறக்காமல் இரண்டு படியாக இறக்குவது கராஜுக்கும் ஏற்ற முறை. தாங்கிக்கருகே ஒரு றெகுலேற்றர் 120க்கும் 90க்கும் இடையில் ஆடுவதை 70க்குக் கொண்டுவந்துவிட்டால், பெயின்ற் அறையில் இருக்கும் இரண்டாவது றெகுலேற்றர் 40ஐ அசையாமல் பிடிக்கும்.

மின்கட்டணத்தின் பக்கமும் இதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இலங்கையில் 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏறியது. 100 இறாத்தல் அளவில் ஓடும் கொம்பிறசரில் ஒவ்வொரு 2 இறாத்தல் கூட்டுவதற்கும் மின்செலவு சுமார் ஒரு சதவீதம் ஏறும் என்பது தொழிற்துறையில் வழக்கமான கணக்கு. குறுகலான றெகுலேற்றர் அழுத்தத்தைத் தின்றால், கராஜ்காரர் செய்வது பிரஷர் சுவிச்சை உயர்த்துவது. அதன் செலவு மாதாமாதம் வரும். பெரிய றெகுலேற்றருக்கான செலவு ஒருமுறை. றெகுலேற்றருக்குப் பின்னால் அழுத்தம் குறைவாக இருந்தால் ஹோஸ் இணைப்புகளில் கசியும் காற்றும் குறையும் என்பது மறைவான இலாபம்.

உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயங்களில் தயவு தாட்சண்யம் வேண்டாம். றெகுலேற்றர் பாதுகாப்பு வால்வு அல்ல. பிரஷர் சுவிச் சிக்கி மோட்டர் நிற்காமல் ஓடினால் தாங்கியைக் காப்பது அந்தச் சின்னப் பித்தளைப் பாதுகாப்பு வால்வு ஒன்றுதான். அது கசிகிறதென்று நட்டால் அடைப்பது கொலைக்குச் சமம். உடுப்பிலும் தலைமயிரிலும் உள்ள தூசைக் காற்றால் ஊதித் தட்டுவது இங்கே எல்லா இடத்திலும் நடக்கிறது. தோலில் வெட்டுக்காயம் இருந்தால் காற்று குருதிக்குள் போகக்கூடும். கண்ணைக் கெடுக்க ஒரு துகள் போதும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி, துப்புரவுக்கு ஊதும் காற்றை 30 இறாத்தலுக்குக் கீழ் வைக்கச் சொல்கிறது. ஊதும் கன்னுக்கென்று தனியாக ஒரு மலிவான றெகுலேற்றர் வைத்தால் பையன்களின் கண் தப்பும். தோட்டத்துக்கு வாங்கிய பி.வி.சி. குழாயில் மிச்சம் கிடக்கிறதென்று காற்றுவழிக்குப் போடுவதும் உண்டு. தண்ணீரில் வெடித்தால் அது கசியும், காற்றில் வெடித்தால் கண்ணாடிச் சில்லுகளாய்ப் பறக்கும். இரும்போ செம்போ போடுக.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் ஓடிக்கொண்டிருந்த பழைய வாகனங்களைக் காத்தவை ஊர்க் கராஜ்கள். பழையதைத் திருத்தி ஓட்டும் ஊரில் றெகுலேற்றரையும் திருத்தக்கூடியதாகப் பார்த்து வாங்குவது பொருத்தம். மேல்மூடி நசுக்கி ஒட்டியிருந்தால் அது எறியும் பொருள். திருகுகளால் பூட்டியிருந்து, சவ்வும் வால்வும் தனியே விலைக்குக் கிடைக்குமானால் அது இன்னும் பல ஆண்டு உழைக்கும். மேல்மூடியின் சின்னத் துளையால் காற்று ஓயாமல் சீறினால் சவ்வு கிழிந்திருக்கிறது என்று அநேகமாகச் சொல்லலாம். குமிழை இடப்பக்கம் முழுக்கத் தளர்த்தி, தாங்கி வழியை மூடி, காற்றை முழுதாக வெளியேற்றிய பிறகே மூடியைக் கழற்ற வேண்டும். வால்வு இருக்கையைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவலாம், தின்னரில் கழுவினால் இறப்பர் ஊதும். உடலில் வார்த்திருக்கும் அம்புக்குறி காற்றுப் போகும் திசையைக் காட்டும், மாறிப் பூட்டினால் றெகுலேற்றர் ஒழுங்கு செய்யாது. பழைய சவ்வை எறியாமல் கடைக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது நல்லது. விட்டம் ஒன்றாக இருந்தாலும் நடுவில் துளை உள்ளதா இல்லையா என்று பார்க்க வேண்டும். துளையில்லாததைப் பூட்டினாலும் றெகுலேற்றர் வேலை செய்யும். ஆனால் குமிழைக் குறைக்கும்போது ஹோஸில் அடைபட்ட கூடுதல் அழுத்தம் தானாக வெளியேறாது, கன்னின் விசையை இழுத்துத்தான் அதை விடவேண்டியிருக்கும்.